காப்பியடித்த ஹெடர் ஃபைல்

லினக்ஸில் நெட்வொர்க் புரோகிராம் எழுதுகிறவனுக்குப் பாதி நாள் எழுதுவதில் போகும், மீதி நாள் அடுத்தவர் எழுதிவைத்த ஃபைலோடு மல்லுக்கட்டுவதில் போகும். அந்தப் பாடு பட்ட உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் டெல்லி நேரு பிளேஸில், நாலே பேர் கொண்ட கம்பெனியில் இருந்தேன். ஆபீஸ்களில் நெட்வொர்க் ஒழுங்காக ஓடுகிறதா என்று காட்டும் புரோகிராம் ஒன்றை விற்றோம்.

ஒன்றுக்கு இரண்டு

நெட்வொர்க் கார்டைப் பற்றிய விவரமெல்லாம் லினக்ஸின் உள்ளே, கெர்னலில் இருக்கும். எந்த விவரம் எத்தனையாவது இடத்தில் என்று சொல்லும் பட்டியல்தான் ஹெடர் ஃபைல். இது கெர்னலுக்கு மட்டும், வெளியாள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பார்கள் கெர்னலை எழுதுகிறவர்கள். அதே பட்டியலில் சிலதை வெளிப் புரோகிராம்களுக்கென்று இன்னொரு ஹெடரிலும் எழுதியிருந்தார்கள். எனக்கு இரண்டுமே வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்தால், ஏற்கெனவே சொன்னதையே சொல்கிறாய் என்று, எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் பக்கம் பக்கமாகத் திட்டியது.

ஒரு வாரம் போராடிவிட்டு, கெர்னல் ஹெடரில் வேண்டியதை மட்டும் வெட்டி எங்கள் ஃபோல்டரில் ஒட்டினேன். ஓடியது. விஷயத்தைக் கேட்டுக்கொண்ட முதலாளி கபூர் இந்தியில் சொன்னார்: "ஒரே ஆளுக்கு ரெண்டு ரேஷன் கார்டு. இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரமா?"

நடுவில் ஒரு கட்டம்

அடுத்த வருஷம் ஓர் அரசாங்க ஆபீஸில் புதிய லினக்ஸ் போட்டார்கள். புதிய கெர்னல் பட்டியலின் நடுவில் இரண்டு வரி கூடியிருந்தது. என் காப்பியோ பழையது. எத்தனை பைட் வந்தது என்ற எண்ணை என் புரோகிராம் எத்தனை பிழை என்று படித்தது. ஆபீஸில் வேலை நடக்க நடக்கப் பிழை ஏறியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிம்மதி.

பிழை ஏறினால் கேபிளில்தான் கோளாறு என்று, கேபிள்களைப் பார்த்துக்கொண்ட திவாரிக்கு மெமோ போனது. பாவம், தற்காலிக வேலைக்காரர். மூன்று நாள் ஏணியில் நின்று மாடி முழுக்கக் கேபிள் மாற்றியும் பிழை குறையவில்லை. வேலை போயிற்று என்றே நினைத்துவிட்டார். நான் போய்ப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது. தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். திவாரி திட்டவில்லை, எனக்கு டீ வாங்கித் தந்தார். திட்டியிருந்தால் தேவலை.

மெமோ கொடுத்த அதிகாரி சிவராமன், ஆர்.கே.புரத்தில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர். மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு என்னிடம் கேட்டார்: "நாங்க ஃபாரத்துல ஒரு கட்டம் சேர்த்தாலே சர்க்குலர் விடுவோம் தம்பி. உங்க ஆளுக அதுகூடச் செய்ய மாட்டாவளோ?"

முதல் நன்றி

புதுக் காப்பி எடுத்தேன். இனி ஒருவரும் இதில் கை வைக்கக் கூடாது என்று ஃபைலின் தலையில் ஓர் எச்சரிக்கை எழுதினேன். இருந்த எரிச்சலில், ஆங்கில எழுத்தில் 'தொடாதே' என்று தமிழிலேயே எழுதிவிட்டேன். எங்கள் ஆபீஸில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

எங்கள் புரோகிராமின் மேனுவல் அச்சாகி வாடிக்கையாளர்களுக்கும் போய்விட்டது. பின்பக்கத்து நன்றிப் பட்டியலில் என் பெயர் இரண்டாவது. முதல் பெயர், 'ஸ்ரீ தொடாதே'. மேனுவல் எழுதிய குர்ப்ரீத்திடம் இவர் யார் என்று கேட்டேன். "பேர் 'ஏ'ன்னு முடியுதே, மராட்டிக்காரர்தானே? ஃபைல்ல முதல் பேரே அவரோடது. மரியாதைக்கு ஸ்ரீ சேர்த்தேன்" என்றாள்.

வெளியாள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று கெர்னல்காரர்கள் சொன்ன ஃபைலை எட்டிப் பார்த்தே பிழைத்தவன் நான். பார்க்காமல் பிழைக்கும் வழியை அவர்கள் சொல்லியிருந்தால் நானும் கௌரவமாகவே இருந்திருப்பேன்.