தொட்டுப் பார்க்க வேண்டிய ஆள்

பல்லிக்கு அந்தப் பெயர் வந்ததில் ரகசியம் எதுவும் இல்லை. சுவரில் ஒட்டிக்கொண்டே பிழைப்பு நடத்துகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? உயரமான கட்டிடங்களின் மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் இறங்கி, கண்ணாடி துடைப்பார், விரிசல் அடைப்பார், பெயின்ட் அடிப்பார். ஆரம்பத்தில் சாரத்தில் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்தான். ஒருநாள் சாரம் எட்டாத மூலைக்குக் கயிற்றில் இறங்க ஆள் கேட்டார்கள். கூட இருந்தவர்கள் எல்லாம் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொள்ள, இவர் மட்டும் நிமிர்ந்து நின்றுவிட்டார். அன்றைக்கு இடுப்பில் கட்டிய பெல்ட்டை இன்னும் அவிழ்த்தபாடில்லை.

அதில் அவருக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் இல்லை, நிறையவே உண்டு. மகள் பள்ளிக்கூட வேனில் போகும்போது, "அது எங்க அப்பா துடைச்ச கண்ணாடி" என்று ஒவ்வொரு கட்டிடமாகத் தோழிகளுக்குக் காட்டுவாளாம். துடைக்காத கட்டிடங்களையும் சேர்த்தே காட்டுகிறாள் என்பது தெரிந்தும் அவர் திருத்தியதில்லை.

மனைவிக்கு மட்டும் ஒரு புகார் இருந்தது. குளியலறை பல்பு போய் வெகுநாள் ஆகிவிட்டது. குடும்பமே இருட்டில் சோப்பைத் தேடிக்கொண்டிருந்தது. மாற்றச் சொன்னால் மனிதர் நழுவிவிடுவார்.

"வெளியில வானத்துல தொங்குறீங்க. வீட்டுல ஒரு ஸ்டூல் ஏற முடியலையா?"

"அந்த ஸ்டூல் ஆடுது. அங்க எனக்கு ரெண்டு கயிறு இருக்கு. இங்க என்ன இருக்கு?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் யாரும் ஒற்றைக் கயிற்றில் இறங்குவதில்லை. ஆளைத் தாங்குவது ஒரு கயிறு. பக்கத்திலேயே சும்மா தொங்குவது இன்னொன்று, அது காவலுக்கு. காவல் கயிற்றில் கைக்கு அடக்கமாக ஒரு கருவி இருக்கும், லாக் என்பார்கள். இறங்குகிறவனோடு நாய்க்குட்டி மாதிரி கூடவே இறங்கும். முதல் கயிறு கைவிட்டால் அது கயிற்றைக் கவ்விக்கொள்ளும். அதன் முதுகில் ஓர் அம்புக்குறி. அம்பு மேலே பார்க்க வேண்டும். கீழே பார்த்தால் அது கவ்வாது, ஆளோடு சேர்ந்து தரைக்குப் போகும்.

அதனால்தான் அவர்களிடம் ஒரு வழக்கம். மாடி விளிம்பைத் தாண்டுவதற்கு முன், ஒருவரை இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது. பெல்ட் வாரை இழுத்து, கொக்கியைத் திருகி, முடிச்சை அழுத்தி, லாக்கைப் பிடித்துப் பார்த்த பிறகு தோளில் ஒரு தட்டு. தட்டு விழாமல் யாரும் இறங்கக்கூடாது.

பல்லி விஷயத்தில் இது தேய்ந்து தேய்ந்து வெறும் தட்டாகிவிட்டது. அவரிடம் போய் யார் கொக்கியைத் திருகிப் பார்ப்பது? குழுவில் பேச்சை நிறுத்தத் தெரியாத ஒருவன் இருந்தான், ரேடியோ என்று கூப்பிடுவார்கள். அவன்தான் தினமும் வந்து, "அண்ணனைப் போய் செக் பண்றதாவது" என்று சிரித்துத் தோளைத் தட்டிவிட்டுப் போவான். பல்லிக்கு உள்ளூரக் குளிரும். மரியாதை என்றால் இதுதான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நினைப்பில் மண் போட வந்தவரைச் சந்தேகம் என்று கூப்பிடுவார்கள்.

கம்பெனியில் இரண்டு குழுக்களை ஒன்றாக்கினார்கள். மற்ற குழுவிலிருந்து வந்தவருக்கு ஏறக்குறைய பல்லியின் வயதுதான், அனுபவமும் அதே அளவு. எதையும் மூன்று தரம் பார்ப்பவர் என்பதால் அந்தப் பெயர். இரண்டு குழுவுக்கும் சேர்த்து இனி ஒரே தலைவர். இந்தக் கட்டிடம் முடிவதற்குள் யாரென்று சொல்கிறேன் என்றார் சூப்பர்வைசர். பல்லிக்கு அந்தப் பதவி மேல் கொள்ளை ஆசை. வீட்டில் கூட, கிடைத்துவிட்ட மாதிரியே பேச ஆரம்பித்திருந்தார்.

முதல் நாளே சந்தேகம் வந்து அவருடைய பெல்ட் வாரை வெடுக்கென்று இழுத்தார். தொடையைச் சுற்றிய வாரில் விரலை விட்டுப் பார்த்தார். கொக்கியைத் திருகினார், முடிச்சை முகர்ந்து பார்க்காத குறை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, திருடனைச் சோதனை போடுகிற மாதிரி இருந்தது பல்லிக்கு. ரத்தம் தலைக்கு ஏறியது.

"என்னங்க, என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்குங்க. கொக்கி மேலதான் இல்ல" என்றார் சந்தேகம், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அதோடு பேச்சு நின்றது. ஒரே மாடி, ஒரே தண்ணீர் கேன், எதிரெதிர் மூலையில் சாப்பாடு. பல்லி இறங்கும்போது அடுத்த கயிற்றில் சந்தேகம் இறங்கினால், இவர் வேண்டுமென்றே வேகமாகத் துடைத்து முந்திப் போவார். முந்திப் போனதில் ஒரு கண்ணாடி முழுக்கச் சோப்புக் கோடு விழுந்து, திரும்ப ஏறி வந்து துடைக்க வேண்டியதாயிற்று. அதையும் சந்தேகம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடப் பொறுத்திருக்கலாம் என்று வீட்டில் வந்து பொருமினார் பல்லி. மனைவி கேட்டுவிட்டு பல்பைப் பற்றி நினைவூட்டினாள்.

அந்தக் கட்டிடத்தில் கடைசி வாரம். காற்று அடங்கிய நல்ல காலை. சந்தேகம் தன் கயிறுகளைப் பூட்டிக்கொண்டிருந்தவர், ரேடியோவின் முடிச்சு கண்ணில் பட்டதும் பாதியில் விட்டு எழுந்து போய் அதை அவிழ்த்துக் கட்டச் சொன்னார். திரும்பி வந்து மீதியைப் பூட்டினார். ரேடியோ வழக்கம்போல அவர் தோளைத் தட்டினான். "சந்தேகத்தையே சந்தேகப்படுறதா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

பல்லிக்கு அப்போதுதான் அந்தக் குறும்பு தோன்றியது. "இருப்பா, நான் ஒரு தரம் பார்க்கிறேன்" என்று ரேடியோவிடம் சொல்லி எழுந்து போனார். சந்தேகம் செய்வது போலவே முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, வாரை வெடுக்கென்று இழுத்தார். விரலை விட்டார். கொக்கியைக் காதருகே வைத்துக் கேட்டார். முடிச்சை முகர்ந்தே பார்த்துவிட்டார். மாடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சந்தேகம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பல்லி அதே நடிப்போடு லாக்கைப் பிடித்து, பெருவிரலால் தடவினார்.

அம்பு கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

சிரிப்பு இன்னும் ஓயவில்லை. ஒரு வார்த்தை உரக்கச் சொன்னால் போதும். ஊரையே தொட்டுப் பார்க்கிற மனிதர் தன் லாக்கைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு நிற்கிறார். பதவி அந்த நிமிடமே பல்லியின் மடியில் வந்து விழும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் வந்தது. இன்றைக்கு இந்தக் கோமாளித்தனம் மட்டும் தோன்றியிராவிட்டால், ரேடியோவின் தட்டை வாங்கிக்கொண்டு இந்த மனிதர் விளிம்பைத் தாண்டியிருப்பார். தன் தோளில் இத்தனை வருஷமாக விழுந்ததும் அதே தட்டுதான். பல்லி நடிப்பை நிறுத்தினார்.

காதோரம் குனிந்து, "லாக் தலைகீழா இருக்கு" என்றார்.

சந்தேகம் குனிந்து பார்த்தார். கழற்றினார், திருப்பினார், மாட்டினார், இழுத்துப் பார்த்தார். அதோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவரோ எல்லார் பக்கமும் திரும்பி, "என் லாக்கைத் தலைகீழா மாட்டியிருந்தேன். இவரு பார்த்ததால பொழைச்சேன்" என்று உடைத்துச் சொன்னார்.

ரேடியோ தட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

பல்லிக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "நான் உன்னைக் கிண்டல் பண்ணத்தான்யா வந்தேன்" என்றார். முதல் தடவையாக 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

"கிண்டலுக்குன்னாலும் கையால தொட்டுப் பார்த்தியே" என்றார் சந்தேகம். "மத்தவங்க தட்டிட்டுப் போயிட்டாங்க."

அன்று மதியம் இருவரும் ஒரே மூலையில் சாப்பிட்டார்கள். பல்லி ஊறுகாயை நீட்டினார், அவர் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் சூப்பர்வைசர் பல்லியைக் கூப்பிட்டு, தலைவர் நீங்கள்தான் என்றார். சந்தேகமே வந்து இவர் பெயரைச் சொல்லிவிட்டுப் போனாராம். வேண்டாம் என்று மறுக்கிற அளவுக்குப் பல்லி துறவி அல்ல. உடனே ஒத்துக்கொண்டார்.

மறுநாள் காலை புதுத் தலைவர் எல்லாருக்கும் முன்னால் விளிம்பருகே போய் இரண்டு கையையும் அகல விரித்து நின்றார். இனி தினமும் முதலில் தலைவரைத்தான் பார்க்க வேண்டும், தலைவர் பூட்டினது சரியில்லை என்று சொல்லக் கூச்சப்படுகிறவன் கயிற்றைத் தொடவேண்டாம் என்றார். சந்தேகம் முன்னால் வந்தபோது தடுத்து, ரேடியோவைக் கூப்பிட்டார். அவன் பயந்து பயந்து வந்து தோளைத் தட்டினான்.

"இழுத்துப் பாருடா."

இழுத்தான். திருகினான். அழுத்தினான். குனிந்து தேடியவன் தயங்கித் தயங்கி, "அண்ணே, கால் வாரோட நுனியை உள்ள சொருகல" என்றான். திட்டு விழும் என்று கண்ணைக்கூட மூடிக்கொண்டான். பல்லி குனிந்து பார்த்தார். உண்மைதான். வாரைச் சொருகிக்கொண்டு, "இன்னொரு தரம் முதல்லேர்ந்து பாரு" என்றார். தோளில் அந்தத் தட்டு விழுந்தபோது மனசு நிறைந்துவிட்டது. முன்பெல்லாம் விழுந்த தட்டுகளில் அப்படி ஒரு நாளும் நிறைந்ததில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பல்பு வாங்கி வந்தார். குளியலறையில் ஸ்டூலைப் போட்டுவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"இதை ஆட்டிப் பாரு. நாலு காலும் தரையில நிக்குதான்னு பாரு."

"நான் பார்த்து என்ன ஆகப்போகுது? தொழில் உங்களுது."

"நீதான் பார்க்கணும். கையால தொட்டுப் பாரு."

அவள் மேலும் கீழும் அவரைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை ஆட்டிப் பார்த்து, ஒரு கால் குட்டை என்று கண்டுபிடித்து, மகளின் பழைய நோட்டு அட்டையை மடித்து அடியில் வைத்தாள். மறுபடி ஆட்டினாள். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ம், ஏறுங்க" என்றாள்.

பல்லி அசையாமல் நின்றார்.

"இன்னும் என்ன?"

"தோளைத் தட்டு" என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே தட்டினாள். அவர் ஏறிப் பல்பை மாட்டினார்.