மேட்டுப்பாத்தி

ஆவணி மாதம் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல், 'சரி'. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். முதல் சில மாதங்களுக்குள் வந்தால்தான் பேச்சு வரும், அவருக்குப் பிடித்ததைக் காட்டிப் பேச வையுங்கள் என்றார் விழுப்புரத்து டாக்டர்.

அவருக்குப் பிடித்தது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டம். செஞ்சி கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர், ஐப்பசி பிறந்தால் கடைக்குப் போகுமுன் மண்வெட்டியோடு நிற்பார். காலிஃப்ளவர், முட்டைகோஸ், முள்ளங்கி, கேரட். இந்தப் பாறைச்சூட்டில் ஊட்டிக் காயா என்று சிரித்தவர்களுக்கெல்லாம் மார்கழியில் ஆளுக்கொரு காலிஃப்ளவர் பூ கொடுத்து அனுப்புவார்.

நான் அனந்தபுரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலை பஸ்ஸில் போனால் இருட்டும் நேரத்தில்தான் திரும்புவேன். இத்தனை வருஷம் அந்தக் காய்களைச் சமைத்திருக்கிறேன். அவை விளைந்த பாத்தி எப்படி இருந்தது என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. கோடையில் அதை இடித்துச் சமமாக்கிக் கீரை தூவிவிடுவார். எனக்குத் தெரிந்தது கீரைப்பாத்திதான்.

ஐப்பசி பிறந்ததும் லீவு போட்டுவிட்டு, நர்சரியில் நாற்று வாங்கி வந்தேன். பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தேன். சுற்றிலும் வரப்பு கட்டி, நடுவில் பள்ளமாகக் கொத்தி, ஒவ்வொன்றாக நட்டேன். அவர் "சரி" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நன்றாக நடுகிறேன் என்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு குரல் உயர்ந்தது. சரி, சரி, சரி. இடது கையை மல்லாத்தி மேலே மேலே தூக்கிக் காட்டினார். எழுந்து நிற்க வேண்டுமாம் என்று எண்ணி, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினேன். தள்ளிவிட்டார். மறுபடி தூக்கினேன். இரண்டு பேரும் படியில் விழுந்தோம். மறுநாளும் அதே கை, அதே சொல். மூன்றாம் நாள் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"இன்னாதான் வேணும்? வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்யா."

கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்பதைத் தவிர வேறு சொல்லி நான் அவரைக் கூப்பிட்டதில்லை. அவர் கையை மடியில் போட்டுக்கொண்டார். அன்று முழுக்க அந்த ஒற்றைச் சொல்லும் வரவில்லை. சோறு ஊட்டினேன், வாங்கிக்கொண்டார். மிச்சமிருந்ததையும் நானே அடித்து விரட்டிவிட்டேனோ என்று பயந்தேன்.

அடுத்த நாள் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. பாத்தி குளமாகி, நாற்றுகளின் தலை மட்டும் தெரிந்தது. வரப்பை வெட்டிவிட மண்வெட்டியோடு இறங்கினேன். வெட்டிய இடத்தில் வெளித்தண்ணீரும் உள்ளே வந்தது.

சத்தம் கேட்டு, தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டம்மா வந்தாள். மேல்சித்தாமூர் ஜைனக் குடும்பத்துப் பெண். மண்ணுக்குள் விளைவதைத் தொடமாட்டாள் என்பதால், அவளுக்கென்று கோஸும் பூவும் மதிலுக்கு மேலாக நீட்டுவார் அவர். வருஷாவருஷம் அவர் பாத்தி போடுவதை அந்த மதில் வழியே பார்த்தவள்.

"இன்னாக்கா, பள்ளத்துல நட்டுட்ட? அண்ணன் முட்டி உசரத்துக்கு மண்ண ஏத்தி, அது மேலதான நடுவாரு? தண்ணி நின்னா வேரு அழுகிடுமே."

திரும்பிப் பார்த்தேன். அவர் பின்வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அந்தச் சேற்றில் நின்றபடி எவ்வளவு நேரம் மன்னிப்புக் கேட்டேன் என்று தெரியவில்லை. மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ.

நாற்று முழுவதும் அழுகிப்போயிற்று. மழை விட்டதும் மண்ணை ஏற்றி, அவர் கை காட்டிய உயரத்துக்கு இரண்டு மேடு போட்டு மறுபடி நாற்று நட்டு, முள்ளங்கி விதையும் ஊன்றினேன். பருவம் தப்பிவிட்டிருந்தது. காலிஃப்ளவர் எலுமிச்சம்பழ அளவுக்குமேல் வளரவில்லை. முள்ளங்கி மட்டும் தேறியது. டாக்டர் சொன்ன மாதங்களும் முடிந்தன. புதிதாக ஒரு சொல்லும் வரவில்லை.

லீவு தீர்ந்து தை மாதம் வேலைக்குத் திரும்பினேன். மதியம் வந்து சோறு கொடுப்பதாகப் பக்கத்து வீட்டம்மா ஒத்துக்கொண்டாள். முதல் நாள் சாயங்காலம் வீடு திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. பின்னால் ஓடினேன். இரண்டு மேடுகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார். போய்விட்டார் என்றே நினைத்தேன்.

கிட்டே போனதும் இடது கை அசைவது தெரிந்தது. களை பிடுங்கிக்கொண்டிருந்தார். படியிலிருந்து அவ்வளவு தூரம் தவழ்ந்து வந்திருக்கிறார். முழங்கையெல்லாம் ரத்தம். நான் தொட்டதும் கையை உதறினார். என்னால் அவரைத் தூக்கவும் முடியவில்லை. பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுவிட்டு, அவள் வரும்வரை அந்த மண்ணிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.