மாஸ்டர் ஒடித்த கொடி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஐந்து மாடிகள் கொண்ட பழைய தொடர்மாடி ஒன்று இருக்கிறது. அதன் மூன்றாம் மாடியில் சிவக்கொழுந்து மாஸ்டரும் அவருடைய மனைவி நேசமும் பதினேழு வருடங்களாகக் குடியிருக்கிறார்கள். மாஸ்டர் பள்ளிக்கூடம் ஒன்றில் உப அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். பரீட்சை மண்டபத்தில் ஒரு துண்டுத்தாள்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது என்பார்கள். அவரிடம் படித்தவர்கள் இன்று தலை நரைத்த பிறகும் அவரைக் கண்டால் கையிலிருக்கும் சிகரெட்டைக் கீழே போட்டுவிடுவார்கள். தொடர்மாடியின் நலன்புரிச் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். தண்ணீர்த் தாங்கி கழுவுவதிலிருந்து வாகனம் நிறுத்தும் சண்டை வரைக்கும் எல்லாம் அவரிடமே வரும். அவர் சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

இரண்டாம் மாடியில் ஜெஸீமா இருந்தார். கணவனை இழந்தவர். ஒரே மகள் தெஹிவளையில் மணமுடித்து வாழ்கிறாள். ஜெஸீமாவின் வாசலுக்கு எதிரே, படிக்கட்டு திரும்பும் இடத்தில், காற்றுக்காக விட்ட இரும்புக் கம்பி வலை ஒன்று உண்டு. அந்தக் கம்பியில் ஒரு தொட்டியைத் தொங்கவிட்டு அவர் ஒரு கொடி வளர்த்து வந்தார். ஹோயா என்று அதற்குப் பெயர். ஜெஸீமா மெழுகுப்பூ என்றுதான் சொல்வார். தோல்போலத் தடித்த இலைகள். கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஒவ்வொரு பூவும் மெழுகில் வார்த்த சின்ன நட்சத்திரம், நடுவில் இரத்தச் சிவப்பாக ஒரு புள்ளி. பொழுது சாயும் நேரத்தில் அதன் வாசம் கிளம்பும். படியேறி வருகிறவர்கள் கையில் சாமான் பையோடு அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் மேலே போவார்கள்.

மாஸ்டரும் நின்றார். நின்று நின்று, அந்தக் கொடி தனக்கும் வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் வந்துவிட்டது. தன் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர், ஜெஸீமாவிடம் ஒரு துண்டு கேட்டார்.

"அல்லாஹ், அதுக்கென்ன சேர், தாறனே. இப்ப மொட்டு வந்தீக்கு. தொட்டா எல்லாம் கொட்டிப் போடும். கொஞ்சம் பொறுங்க."

இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்டார். மழை விடட்டும் என்றார் ஜெஸீமா. மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. தன்னை அலைய வைக்கிறார் என்று மனதுக்குள் ஒரு கோபம் மட்டும் இருந்தது. ஒரு செடித் துண்டுக்காக ஒரு பெண்ணின் வாசலில் இரண்டு தரம் நின்றோமே என்று கூசியது.

அது இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு, ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. பகல் ஒரு மணி இருக்கும். ஜெஸீமா மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மற்ற வீட்டு ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்கும் வேலைக்கும் போயிருந்தார்கள். மாஸ்டர் கீழே போய்ப் பேப்பர் வாங்கிக்கொண்டு வருவதாக நேசத்திடம் சொல்லிவிட்டு இறங்கினார். சட்டைப் பையில் சின்னக் கத்தரிக்கோல் இருந்தது. அதை எடுத்து வைத்தபோதே தான் செய்யப்போவது அவருக்குத் தெரியும். அதைப் பிற்பாடு அவர் ஒருபோதும் மறுக்கவில்லை.

ஒரு கணு அளவுதான் வெட்ட நினைத்தார். நீளமான தண்டு ஒன்றைப் பிடித்து வெட்டி இழுத்தார். அது கம்பியில் சுற்றியிருந்தது, வரவில்லை. கீழே யாரோ கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. பதற்றத்தில் பலமாக இழுத்துவிட்டார். தொட்டியின் வாயருகே தாய்த்தண்டு முறிந்து, கொடியில் பாதி அவர் கையோடு வந்தது. முறிந்த இடமெல்லாம் வெள்ளைப் பால் வடிந்தது. அள்ளிச் சாமான் பைக்குள் திணித்துக்கொண்டு அறுபத்தாறு வயது மனிதர் மூன்றாம் மாடிக்கு ஓடினார்.

இரண்டு துண்டை மட்டும் ஜாம் போத்தலில் தண்ணீர் விட்டுப் பின்பக்க பல்கனியில் உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பின்னால் வைத்தார். மிச்சத்தைப் பேப்பரில் சுற்றி மறுநாள் காலை குப்பை லொறிக்குக் கொடுத்தார்.

"ஆர் தந்தது?" என்று போத்தலைப் பார்த்து நேசம் கேட்டா.

"பழைய ஸ்டூடன்ட் ஒருத்தன்" என்றார் மாஸ்டர். முப்பத்தொன்பது வருடத் திருமண வாழ்க்கையில் அவர் மனைவிக்குச் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்கலாம்.

கொடி ஒடிந்த வெள்ளிக்கிழமை பின்னேரமே ஜெஸீமா மேலே வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. "யாரோ உடைச்சு இழுத்துட்டுப் போயீக்காங்க சேர். என்ட மனுசன் மவுத்தாகிறதுக்கு முந்தி வாங்கித் தந்த கொடி. அஞ்சு வருசம் பூக்காம இருந்து பூத்தது. நீங்கதான் விசாரிச்சுச் சொல்லோணும்."

மாஸ்டர் அவரை உட்காரச் சொன்னார். விசாரிப்பதாகவும் சொன்னார்.

படி கூட்டித் துடைக்க வாரத்தில் மூன்று நாள் டில்ஷானி என்ற பெண் வருவாள். கொலன்னாவையில் இருந்து வருகிற சிங்களப் பிள்ளை, முப்பது வயது. துப்புரவுக் கம்பனி ஒன்றில் வேலை பார்க்கும் அவளுடைய அக்கா சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் வேலைக்கு வந்திருந்தாள். சில மாதங்களுக்கு முன் தன் வீட்டில் வைக்க ஒரு துண்டு தரமுடியுமா என்று ஜெஸீமாவிடம் கேட்டும் இருந்தாள். எல்லாருடைய நினைப்பும் அவள் பக்கம் திரும்ப இவ்வளவும் போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை மாஸ்டர் அவளைக் கீழே காவலாளியின் அறைக்கு அழைத்து விசாரித்தார். சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் பக்கத்தில் இருந்தார்கள். கதை சிங்களத்தில் நடந்தது.

"நீ எடுத்தியா?"

"இல்ல சேர்."

"வேற ஆர் எடுத்திருப்பினம்?"

டில்ஷானி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சேர் தன்னவானே" என்றாள். சேருக்குத் தெரியும்தானே என்று அர்த்தம்.

சிங்களத்தில் அப்படிச் சொல்வது சும்மா பேச்சு வழக்கு. நான் அப்படிப்பட்டவள் அல்ல என்று சேருக்குத் தெரியும்தானே என்றும் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருந்தவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். மாஸ்டர் அப்படி எடுக்கவில்லை. இவள் எதையோ கண்டிருக்கிறாள் என்று நினைத்தார். அந்த ஒரு கணத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர் இருக்கையை விட்டு எழுந்து, "உன்னை நம்பி இந்த வீடுகளைத் திறந்துவிட ஏலாது. இனி வரவேண்டாம்" என்றார். கம்பனிக்கும் அவரே போன் பண்ணி, நம்பிக்கையான வேறு ஆளை அனுப்பச் சொன்னார்.

அன்றிரவு சாப்பிடும்போது நேசம் சொன்னா: "அந்தப் பிள்ளை களவெடுக்கிற பிள்ளை இல்லையப்பா."

"உமக்கு என்ன தெரியும்?" என்று மாஸ்டர் சீறினார்.

போத்தலில் வேர் விட்டது. தேங்காய்த் தும்பு நிரப்பிய தொட்டியில் நட்டார். அது உயிர்பிடித்து பல்கனிக் கம்பியில் ஏறியது. கீழே ஜெஸீமாவின் கொடியோ மிஞ்சிய பாதியும் அழுகிப் போய், இரண்டு இலையோடு நின்றது. படியேறும்போது மாஸ்டர் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. கடைக்குப் போகிற நேரத்தைக்கூட மாற்றிக்கொண்டார். புதிதாகக் கூட்ட வந்த பெண் வணக்கம் சொன்னால் பதில் சொல்லாமல் போனார். தன் கொடி வாடிவிடக்கூடாதா என்று பல நாள் நினைத்தார். பிடுங்கி எறியலாம்தான். ஆனால் நேசம் அதற்கு ஆசையாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தா.

பதினான்கு மாதம் கழித்து அது பூத்தது.

மறைக்க முடியாத பூ அது. பின்னேரம் ஆறு மணிக்கு வாசம் பல்கனியிலிருந்து புறப்பட்டு, குசினியைக் கடந்து, வாசல்வரை வந்தது. மாஸ்டர் எழுந்து கதவையும் யன்னலையும் சாத்தினார்.

"இந்த வெக்கைக்குள்ளை ஏனப்பா யன்னலைச் சாத்துறியள்?"

"நுளம்பு வருது."

நேசம் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கீழே போனா. திரும்பி வரும்போது கூடவே ஜெஸீமா வந்தார். பூத்ததைக் காட்ட நேசம் ஆசையோடு கூட்டி வந்திருந்தா. மாஸ்டர் கதிரையில் உட்கார்ந்தபடியே இருந்தார்.

ஜெஸீமா பல்கனியில் கொடியின் முன்னால் நெடுநேரம் நின்றார். பூக்கொத்தைத் தொடாமல் கையை அதன் கீழே பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தேகம் ஒரு துளிகூட இருக்கவில்லை. அதைத்தான் மாஸ்டரால் தாங்க முடியவில்லை.

"சேருட கை ராசியான கை" என்றார் ஜெஸீமா. "என்டது இனி வராது போல. இதில ஒரு சின்னத் துண்டு தருவீங்களா சேர்? மொட்டு இல்லாத பக்கமாப் பார்த்து."

"எடுங்கோ, எடுங்கோ. இவரிட்டைப் படிச்ச ஸ்டூடன்ட் ஒருத்தர் குடுத்ததுதானே" என்று நேசம் கத்தரிக்கோல் எடுக்கப் போனா.

"அது உங்கடை கொடிதான்" என்றார் மாஸ்டர்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். தன் சத்தம் தனக்கே கேட்காததுபோல அவர் மறுபடி சொன்னார். "நான்தான் ஒடிச்சனான். ஒருத்தரும் தரேல்லை. அண்டைக்கு நீங்கள் மகள் வீட்டை போன நேரம், நான்தான்."

ஜெஸீமா அவரைத் திட்டவில்லை. முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப டில்ஷானி?"

ஜெஸீமா துண்டு வாங்காமலே படி இறங்கிப் போனார். நேசம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. அடுத்த நாள் காலை அந்தத் தொட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் ஜெஸீமாவின் வாசலில் வைத்துவிட்டு வந்தா. கணவனுக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பவும் அறைக்குள் போனா.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் சங்கத்தைக் கூட்டி எல்லாவற்றையும் சொல்லிச் செயலாளர் பதவியை விட்டார். அங்கே அவர் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒருவரும் கோபிக்கவில்லை. "ஒரு பூக்கொடிக்குப் போய் இவ்வளவு யோசிக்கிறீங்களே சேர்" என்று ஒருவர் சிரித்தார். இன்னொருவர் பதவியில் தொடரும்படி கேட்டார். டில்ஷானியின் பெயரை அங்கே யாரும் எடுக்கவில்லை. அவளை அனுப்பிய அன்றைக்கு எல்லாருக்கும் அது பெரிய களவாக இருந்தது. அதையே செய்தவர் மாஸ்டர் என்றதும் அது விளையாட்டாகிப் போனது. அவர் அந்தச் சிரிப்பைக் கேட்கச் சகிக்காமல் வெளியே வந்தார்.

கம்பனியில் விசாரித்து, இரண்டு பஸ் மாறிக் கொலன்னாவைக்குப் போனார். எண்ணெய்த் தாங்கிகளின் மதிலுக்குப் பின்னால் நெருக்கமான வீடுகள். டில்ஷானி வாசலில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து ஈரக் கையைத் துடைத்தாள்.

"நான்தான் எடுத்தது மகள்" என்று சிங்களத்தில் தொடங்கினார்.

"தெரியும் சேர்" என்றாள் அவள். "நான் வரேக்க படியெல்லாம் பால் சொட்டியிருந்தது. இரண்டாம் மாடியிலிருந்து சேருடைய வாசல்வரை. நான்தான் துடைச்சேன்."

"ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?"

"சொன்னேனே சேர்."

மாஸ்டர் அவளைத் திரும்பவும் வேலைக்கு வரும்படி கேட்டார். வேண்டாம் என்றாள். ஆஸ்பத்திரி ஒன்றில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை கிடைத்திருந்தது. என்ன செய்யவேண்டும், எதுவென்றாலும் செய்கிறேன் என்றார். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"எங்க அக்காவிடம் சொல்லுங்க. மருதானையில் சோத்துப் பார்சல் கடை வச்சிருக்கிறா. என்னால் கம்பனியில் பேர் கெட்டு வேலையை விட்டவ. என்னோடு கதைக்கிறதில்லை."

மறுநாள் மாஸ்டர் மருதானைக்குப் போனார். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்னக் கடை. மத்தியானம், பார்சலுக்கு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கூட்டம் குறையட்டும் என்று பார்த்தார், குறையவில்லை. கடைசியில் அந்த வரிசையில் நின்றே போய், அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். "கொடியை எடுத்தவன் நான். தெரிந்துகொண்டே உங்கள் தங்கையைக் கள்ளி ஆக்கியவனும் நான்" என்றார். பார்சல் வாங்க வந்தவர்கள் அவருடைய வெள்ளைச் சட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அக்காவின் கையிலிருந்த அகப்பை சோற்றுச் சட்டிக்குள்ளேயே நின்றது.

"சித்திரை வருஷத்துக்கு எங்க வழக்கப்படி தங்கச்சி வெற்றிலை தந்து கும்பிட வந்தாள் சேர்" என்றா அவ. "நான் வாங்கவில்லை. வாசலோடு அனுப்பினேன். இப்ப நான் அவளுக்கு என்ன சொல்ல?"

மாஸ்டருக்குப் பின்னால் நின்றவர் பார்சலுக்காகக் கையை நீட்டினார். அக்கா கண்ணைத் தோளில் துடைத்துவிட்டு அந்த ஆளுக்குச் சோறு கட்டத் தொடங்கினா.

ஒரு மாதத்துக்குப் பிறகு ஜெஸீமா டில்ஷானியைத் தன் வீட்டுக்கு அழைத்தார். அவள் அக்காவோடு வந்தாள். கீழே இருவரும் தேத்தண்ணி குடித்துச் சிரித்துப் பேசுகிற சத்தம் படி வழியாக மேலே கேட்டது. நேசமும் இறங்கிப் போயிருந்தா. மாஸ்டர் தன் வீட்டுக் கதவின் உட்பக்கம், கைபிடியைப் பிடித்தபடி, அவர்கள் புறப்பட்டுப் போகும்வரை நின்றார். திறக்கவில்லை.