அம்மா பாடாத வெள்ளிக்கிழமைகள்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியதும் அப்பாவை வெள்ளைக்காரச் சர்க்கார் முகாமில் அடைத்தது. ஜெர்மன்காரர் என்பது காரணம். ஜெர்மனியிலிருந்து விரட்டப்பட்ட யூதர் என்பதை விளங்கவைக்கச் சில மாதங்கள் ஆயின. வெளியே வந்தவருக்கு அரியலூரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலை கிடைத்தது. எனக்கு அப்போது ஆறு வயது. தங்கை அரியலூரில்தான் பிறந்தாள்.

ஊரில் எங்களைத் தவிர யூதர்கள் கிடையாது. தொழுகைக்கூடமும் இல்லை, வேதம் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சிலேட்டில் எபிரேய எழுத்து, பிறகு பாட்டு. பக்கத்து வீட்டு டீச்சர், மாதா கோயில் இருக்கும் ஏலாக்குறிச்சிக்காரர். தன் ஆர்மோனியத்தை எங்களிடமே விட்டுவைத்திருந்தார். பாட்டின் அர்த்தத்தை அம்மா ஜெர்மனில் சொல்வாள். தங்கைக்குத் தமிழ்தான் ஓடும் என்பதால் அவளுக்கு நான் தமிழில் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அம்மா இரண்டு அகல்விளக்கு ஏற்றுவாள். தெருவில் யாருக்கும் அது புதிதாகத் தெரியவில்லை. எல்லா வீட்டிலும் அன்றைக்கு விளக்கு எரிந்தது. அன்று மாலை தொடங்கும் எங்கள் ஓய்வுநாளை வரவேற்கும் பாட்டை அவள் தொடங்க, நாங்கள் பின்னால் பாடுவோம். அது அவளுடைய அம்மா பாடிய மெட்டு.

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஜெர்மனியில் தங்கிவிட்டுக் காணாமல் போன சொந்தக்காரர்களைப் பற்றி விசாரிக்க அப்பா சென்னைக்குப் போனார். மறுநாள் மத்தியான ரயிலில் திரும்பி வந்து, அடுப்படி வாசலில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னார்.

"மூன்று பேரும் இல்லை. உன் அப்பா, அம்மா, தங்கை. இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு, "எவ்வளவு நாள் உட்கார வேண்டும்?" என்று கேட்டாள்.

எங்களில் துக்கம் காக்க ஏழு நாள் தாழ உட்காருவார்கள்.

"செய்தி இவ்வளவு தாமதமாக வந்தால் ஒரு மணி நேரம் போதும். முறை அப்படித்தான்" என்றார் அப்பா.

அம்மா கூடத்துத் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் டீச்சர் வந்தார்.

"என்னங்கம்மா, ஒடம்பு முடியலையா?"

"இல்ல டீச்சர். ஊர்ல அப்பா, அம்மா, தங்கச்சி செத்துட்டாங்க. ஒரு மணி நேரம் உக்காரணும்."

டீச்சர் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நேரம் ஆனதும் அம்மா எழுந்து உலை வைத்தாள். டீச்சர் இன்னும் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பசித்தது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. அந்த மூன்று பேரின் முகமும் எனக்கு நினைவில் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா விளக்கு ஏற்றினாள், பாடவில்லை. அப்பா தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். பல வாரங்கள் இப்படியே போயின. சிலேட்டுப் பாடம் நிற்கவில்லை. ஆர்மோனியத்தை மட்டும் யாரும் திறக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தங்கை என் கையைச் சுரண்டினாள்.

"அக்கா, பாட்டு எங்க?"

"அம்மா பாடலைல்ல. சும்மா இரு."

"அப்ப நான் பாடுறேன்" என்று ஆரம்பித்துவிட்டாள்.

தொண்டைக்குள்ளிருந்து வரவேண்டிய எழுத்தெல்லாம் அவள் வாயில் வெறும் 'க' ஆனது. அம்மா கடைசிவரை கேட்டாள்.

"அது தொண்டையிலிருந்து வர வேண்டும். மறுபடி பாடு."

தங்கை அதே மாதிரிதான் பாடினாள்.

"மறுபடி."

இந்த முறை நானும் சேர்ந்துகொண்டேன். பிறகு அப்பாவும், மிகத் தாழ்ந்த குரலில். அம்மா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பாடி முடித்ததும் எங்களுக்குச் சோறு போட்டாள்.

ஆர்மோனியம் மறுபடி திறந்தது. ஆனால் அம்மா வாய்விட்டுப் பாடவேயில்லை. வார்த்தையைச் சொல்வாள், கட்டையில் மெட்டைக் காட்டுவாள், நாங்கள் பாடுவோம். புதிதாக நிறையப் பாட்டுகள் அப்படித்தான் கற்றோம்.

நாற்பதுகளின் கடைசியில் பம்பாய்க்கு மாறினோம். அங்கே யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்தது. முதல் வெள்ளிக்கிழமை அத்தனை பேர் சேர்ந்து அதே பாட்டைப் பாடியதும் தங்கை என் காதில், "இவங்க ஏங்க்கா தப்பாப் பாடுறாங்க?" என்றாள்.

அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. "தப்பு இல்ல. இது இந்த ஊர் மெட்டு" என்று தமிழிலேயே சொன்னாள்.

"அப்ப நம்ம மெட்ட யாரு பாடுவா?"

"நீங்க ரெண்டு பேரும்தான்."

சொல்லிவிட்டு, தங்கை கையிலிருந்த புத்தகத்தில் சரியான பக்கத்தைத் திருப்பி வைத்தாள்.