ஆறு மணி மிஸ்டு கால்

அப்பா வில்லாபுரத்தில் தனியாக இருக்கிறார். தினமும் காலை ஆறு மணிக்கு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நல்லாயிருக்கிறேன் என்று அர்த்தம். நான் எடுக்கக் கூடாது.

இன்றும் வந்தது. காபி குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அப்பாவின் மாடி வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஆஸ்பத்திரிக்குத்தான வாரீங்க?”

“யாருக்குண்ணே?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“அப்பாவுக்குத்தான். நெஞ்சு வலின்னு சேத்து மூணு நாளாச்சு. ‘காலையில ஆறு மணிக்கு எம்மகனுக்கு ஒரு ரிங் விட்டு கட் பண்ணிருங்க, இல்லாட்டி பதறிருவான்’னு போனை என்ட்ட குடுத்துட்டாரு.”

நேராகப் போய்ப் பார்த்தேன். இப்போது தேவலை. கோபத்தை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

மூன்று நாளாக மாடி வீட்டுக்காரர் நல்லாயிருப்பதற்கு நான் நிம்மதியாகக் காபி குடித்திருக்கிறேன்.

உங்களுக்கு வரும் மிஸ்டு காலைக் கொடுப்பது யார்? கடைசியாக எப்போது எடுத்துப் பேசினீர்கள்?