ரோமாபுரியின் வீட்டோவும் எங்கள் தெருக்குழாயும்

பிள்ளைகளா, ரோமாபுரிப் பாடத்தை உங்களோடு உட்கார்ந்துதான் நானும் படித்தேன். நான் அந்தப் பாடம் வருமுன்பே பள்ளியை விட்டுச் சைக்கிள் கடைக்குப் போனவன். மூத்தவள் பரீட்சைக்காக உரக்க வாசித்தாள். சின்னவன் என் மடியில் கிடந்தான்.

பெட்ரீசியர் என்றால் பெரிய குடும்பத்தார், பதவியெல்லாம் அவர்களுக்கு. பிளபியர் என்றால் உழுகிறவன், கடை வைத்தவன், போருக்குப் போகிறவன். பொறுத்துப் பார்த்த பிளபியர்கள் ஒருநாள் ஊரைவிட்டே போய் ஒரு குன்றில் உட்கார்ந்துகொண்டார்களாம். வேறு வழியில்லாமல் பெரியவர்கள் இறங்கி வந்து, அவர்களுக்காகப் பேச டிரிப்யூன் என்றொரு பதவிக்குச் சம்மதித்தார்கள். தன் ஆட்களுக்குக் கெடுதல் வந்தால் டிரிப்யூன் 'வீட்டோ', அதாவது 'தடுக்கிறேன்' என்பார், காரியம் நின்றுவிடும். அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்தே கிடக்க வேண்டும்.

"ஒரு வார்த்தைக்கு எல்லாரும் அடங்கிருவாங்களாப்பா?"

மூத்தவள் நிறுத்திக் கேட்டாள். "புஸ்தகத்துல போட்டிருக்குல்லா, படிட்டி" என்றேன்.

மறுநாள் காலை, தச்சநல்லூரில் எங்கள் தெருக்குழாயைக் கழற்ற மாநகராட்சி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். குழாய் ஒழுகித் தண்ணீர் வீணாகிறது என்று மாடி வீட்டு அண்ணாச்சி புகார் கொடுத்திருந்தார். அவர் வீட்டுக்குள்ளேயே தனிக்குழாய் உண்டு. வாடகைக்கு இருந்த எங்களுக்கெல்லாம் இந்தத் தெருக்குழாய் ஒன்றுதான். அது போனால் உங்கள் அம்மா குடத்தோடு லாரி ஓடும் ரோட்டைத் தாண்ட வேண்டும்.

அம்மா ஓடிப்போய் வார்டு கவுன்சிலரைக் கூட்டி வந்தாள். அந்த அக்கா பீடி சுற்றுகிறவர். அப்போதுதான் தேர்தலில் ஜெயித்திருந்தார். விரலில் புகையிலைத் தூளோடு வந்து நின்றார்.

"ஏலே, ஸ்பேனரைக் கீழ வையி."

"எங்களுக்கு உத்தரவுக்கா."

"உத்தரவு போட்டவங்கட்ட நான் பேசிக்கிடுதேன். ஒழுகுனா அடைக்கணும்லே. உனக்கு மூக்கு ஒழுகுனா மூக்கையா அறுப்ப?"

தெருவே சிரித்தது. அண்ணாச்சி வெளியே வந்தார். அக்கா அவரைப் பார்த்து, "குழாயை எடுக்க நான் விடமாட்டேன் அண்ணாச்சி. அம்புட்டுதான்" என்றார்.

மூத்தவளே, அப்போது நீ கத்தினாய்: "அப்பா, வீட்டோ!"

"வீட்டோடயா? யாரை வீட்டோட இருக்கச் சொல்லுதா உம்ம மவ?" அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது.

"அது ரோமாபுரிப் பேச்சு அண்ணாச்சி" என்றேன்.

"அங்கன உள்ளவனுக்கும் தண்ணி வேணும்லா" என்றார் அக்கா. அண்ணாச்சியே சிரித்துவிட்டார்.

வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அக்கா ஆபீசுக்குப் போய்ப் பேசிவிட்டு, சாயங்காலம் எங்கள் வாசலில் நின்று சொன்னார்: "குழாய் இருக்கும். ஆனா இன்னும் ஒழுகிச்சுன்னா, அண்ணாச்சி சொல்லுததுலயும் நியாயம் வந்திரும் பாத்துக்கிடுங்க."

அக்கா அன்று தனியாகப் பேசவில்லை, பிள்ளைகளா. குடத்தோடு தெருவே அவர் பின்னால் நின்றது. அவரை நினைக்கும்போதெல்லாம், பெயர் தெரியாத அந்தக் குன்றுக்காரர்களையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, கடையிலிருந்து பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி எடுத்து வந்தேன். குழாயடியில் யாரும் இல்லை. குத்தவைத்து உட்கார்ந்து, அதன் கழுத்தில் இறுக்கிச் சுற்றி, சொட்டு நிற்கிறதா என்று கையை ஏந்திப் பார்த்தேன்.