பிராண்டேயில் இரண்டு வில்: உருண்டைச் சில்லும் முட்டைச் சில்லும்

போன மாதம் இந்தப் பக்கத்தை வாசிக்கும் ஒருவர் இரண்டு கேள்வி கேட்டு எழுதியிருந்தார். தோள் நோவுள்ளவருக்குக் கொம்பவுண்ட் வில் (இரு நுனியிலும் சில்லு வைத்த வில்) வாங்குவதானால் உருண்டைச் சில்லு பூட்டியது நல்லதா, கேம் என்கிற முட்டைச் சில்லு பூட்டியது நல்லதா? பழைய வில் விற்கும் ஆட்களைத் தேடி டென்மார்க்கின் யூட்லாண்டுக்குள் எப்படிப் போய்வருவது? இரண்டுக்கும் எனக்கு விடை தெரியும். நான் அறிந்துகொண்டது 1986 டிசம்பர் 20, சனிக்கிழமை, ஒரே நாளில். பேருந்து நேரங்களும் கட்டணங்களும் அன்றையவை, இன்று செல்லாது. சில்லுகளைப் பற்றிச் சொல்வது மட்டும் இன்றைக்கும் சரி.

அப்போது நாங்கள் ஸ்கீவவில் குடியேறி ஒன்றரை வருடம். என் கணவர் ஊரில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தவர். இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் துவக்குப் பிடியால் வாங்கிய அடியில் வலது தோள் பழுதாகி, கை தலைக்கு மேலே எழும்பாமல் இருந்தது. எதையாவது இழுத்துப் பழகச் சொன்னார்கள் இங்குள்ள வைத்தியர்கள். மொழி வகுப்பில் அறிமுகமான ஒருவர், வியாழக்கிழமை பின்னேரங்களில் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் கூடும் வில் சங்கத்துக்கு அவரைக் கூட்டிப்போனார். அங்கே யாரும் அவரிடம் எந்த நாடு, எப்போது திரும்பிப் போவாய் என்று கேட்கவில்லை. வரிசையாக நின்றார்கள், எய்தார்கள், அம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். கிழமைக்கு ஒருநாள் என் கணவர் நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தார்.

ஆனால் அவர் எய்த வில் சங்கம் கொடுத்த இரவல். புதிதாகச் சேருகிறவர்களுக்காக ஜனவரி முதல் கிழமையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் சொந்த வில் இல்லாவிட்டால் வியாழக்கிழமையும் இல்லை.

இலவசமாக வரும் வாரப் பத்திரிகையில் விளம்பரம் பார்த்தேன். பிராண்டேயில் ஒருவர் இரண்டு அமெரிக்க வேட்டை வில்களை விற்கிறார். (அந்நாளில் டென்மார்க்கில் வில்லால் வேட்டையாட அனுமதி இல்லை. இலைநிறம் பூசிய அந்த வில்களைக் கொண்டு வைக்கோல் பலகைக்குத்தான் எய்வார்கள்.) நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நானே தொலைபேசியில் பேசினேன். கன்னியர் மடத்தில் படித்தவள் நான். எந்த மொழியையும் இலக்கணத்திலிருந்துதான் தொடங்குவேன். வகுப்பில் என் கட்டுரைகளில் சிவப்பு மை விழுந்தது குறைவு. என் கணவர் டெனிஷில் நாலு சொல் கோத்துப் பேசத் தடுமாறுவார். ஆகவே கடிதம், தொலைபேசி, அலுவலகம் எல்லாம் என் பொறுப்பு.

விற்கிறவர் வேகமாகப் பேசினார். தோள் நோ என்றதும் அவர் சொன்ன பதிலில் "யூல்" என்ற சொல் மூன்று தரம் வந்தது. யூல் என்றால் நத்தார், கிறிஸ்துமஸ். தோளுக்கேற்ற வில் நத்தாரோடுதான் கிடைக்கும், ஒரு சனிக்கிழமை வாருங்கள் என்று விளங்கிக்கொண்டேன். "ஓம், யூல், யூல்!" என்று நானும் சிரித்துச் சொல்லி வைத்தேன்.

நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை புறப்பட்டோம். ஸ்கீவவிலிருந்து காலை 7.12க்கு ரயில். விபோர்க் முப்பது கிலோமீட்டர், அரை மணித்தியாலம், ஆளுக்கு 24 குரோனர். வெளிச்சம் எட்டரைக்குப் பிறகு, அடுத்த பேருந்தில் போகும்போதுதான் வந்தது. வந்தும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஈரமான வயல், ஈரமான வேலி, பன்றிக் கொட்டில்கள். விபோர்க் பேருந்து நிலையத்தில் மன்னார்ப் பெடியன் செல்வம் எங்களைப் பார்க்க வந்து நின்றான். எங்களோடு ஒரே அகதி முகாமில் இருந்தவன்.

"என்ன அண்ணை, வில் வாங்கப் போறியளாம்? ஆரைச் சுடப் போறியள்?"

"முதல்ல உன்னை" என்றார் என் கணவர்.

"ஐயோ, அண்ணை குறி பாத்தா பக்கத்தில நிக்கிறவன்தான் சாவான். அக்கா, நீங்கள் தள்ளி நில்லுங்கோ."

அன்று என் கணவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

ஹெர்னிங்குக்குப் பேருந்து 8.20க்கு, 48 கிலோமீட்டர், ஒரு மணித்தியாலம், 32 குரோனர். அங்கே ஐம்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் அறையில் சூடு இருந்தது, கழிப்பறை பூட்டியிருந்தது. பிறகு வைல போகும் ரயிலில் ஏறி 25 நிமிடத்தில் பிராண்டே. நிலையத்திலிருந்து அந்த வீடு ஒன்றே கால் கிலோமீட்டர். பனியும் மழையும் கலந்து விழ, பதினைந்து நிமிட நடை. இந்தப் பக்கமெல்லாம் கார் இல்லாதவர்களுக்கு அரை நாள் வழியிலேயே போய்விடும். அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்கிறவர் பெயர் நீல்ஸ். அறுபது வயதிருக்கும். கதவைத் திறந்து எங்களைப் பார்த்தவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"இப்போதுதான் வருகிறீர்களா?" என்றார். "நான் நீங்கள் பேசிய கிழமையின் சனிக்கிழமையே கோப்பி போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு இரண்டு கிழமை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். போன கிழமைதான் விற்றேன். யூல் உள்ளது வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

சொல்லிக்கொண்டே சுவரில் தொங்கிய தன்னுடைய பழைய வில்லின் நுனியில் இருந்த சில்லை விரலால் தட்டிக் காட்டினார்.

டெனிஷில் சில்லுக்கும் ஒரு சொல் இருக்கிறது. எழுதும்போது முன்னால் ஒரு ஹ் வரும். அந்த ஹ்ஜூல் என்ற சொல்லை நான் புத்தகத்தில் படித்து, ஹ் சேர்த்தே மனப்பாடம் செய்திருந்தேன். பேசும்போது அந்த ஹ் கிடையாது. நத்தாரும் சில்லும் காதுக்கு ஒன்றுதான். உருண்டைச் சில்லு பூட்டிய வில்லை அந்த மனிதர் எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். நான் நத்தார் வரட்டும் என்று மூன்றரைக் கிழமை வீட்டில் இருந்திருக்கிறேன்.

"என்னவாம் சொல்லுறார்?" என்று கேட்டார் என் கணவர்.

"வேற ஆரோ கூடக் காசு குடுத்தவையாம். வித்துப் போட்டாராம்" என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட எடுக்கவில்லை.

இனி சில்லு விஷயம். நீல்ஸ் நல்ல மனிதர். வந்த களைப்புக்கு இழுத்தாவது பாருங்கள் என்று மிஞ்சியிருந்த கேம் வில்லையும் தன்னுடைய உருண்டைச் சில்லு வில்லையும் கொண்டுவந்து பட்டறை மேசையில் வைத்தார். இரண்டும் ஐம்பது இறாத்தல் இழுவை. உருண்டைச் சில்லில் அச்சு நடுவில் இல்லை. ஒரு பக்கம் தள்ளி இருக்கிறது. இழுக்க இழுக்கப் பாரம் படிப்படியாக ஏறும், நடுவழியில் உச்சம், பிறகு படிப்படியாக இறங்கும். முழுவதும் இழுத்துப் பிடித்து நிற்கையில் கையில் இருப்பது பாதிப் பாரம்தான். கேம் முட்டை வடிவம். தொடங்கிய கொஞ்சத்திலேயே முழுப் பாரமும் வந்துவிடும். கிட்டத்தட்டக் கடைசி வரை விடாது. பிறகு பள்ளத்தில் கால் வைத்ததுபோல் சடக்கென்று விழும். நாணில் சேரும் விசை கூட, ஆகவே அம்பு வேகமாகப் போகும். சத்தமும் கூட. மேலும் கீழும் உள்ள இரண்டு சில்லும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். கேமில் ஒன்று ஒரு மயிரிழை முந்தினாலும் அம்பு மேலும் கீழுமாகப் போகும். உருண்டைச் சில்லு அவ்வளவு கோபிக்காது.

இதையெல்லாம் யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. என் கணவர் இரண்டு சில்லையும் கழற்றாமலே விரலால் சுற்றிப் பார்த்து, சோக்குக் கட்டியால் அடையாளம் போட்டு, நீல்ஸிடம் காட்டினார். நீல்ஸ் தலையாட்டினார். இருவரும் பத்து நிமிடம் ஒரு சொல்லும் இல்லாமல் பேசிக்கொண்டார்கள்.

பிறகு கொல்லைப்புறத்தில் எய்தார்கள். உருண்டைச் சில்லு வில்லை என் கணவர் தயிர் கடைவதுபோல் இழுத்தார். மூன்று அம்பும் ஒரு உள்ளங்கைக்குள் குத்தி நின்றன. கேம் வில்லில் பாதி வழியில் தோள் நின்றுவிட்டது. இரண்டாம் முறையும் நின்றது. மூன்றாம் முறை பல்லைக் கடித்து இழுத்து எய்தார். அம்பு வந்த வேகத்தில் பலகையைத் துளைத்துப் பின்னால் போயிற்று. வில்லைக் கீழே வைத்துவிட்டு இடது கையால் தோளைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

நீல்ஸ் ஒரு வழி சொன்னார். இந்த வில்லுக்கே உருண்டைச் சில்லு ஒரு சோடி எடுத்துப் பூட்டித் தருகிறேன், இரண்டு கிழமை, சில்லுக்கு 600 குரோனர் மேலதிகம். ஜனவரி முதல் கிழமைக்குச் சரியாக வந்திருக்கும். இதை ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

"வாக்கு மாறினவன்ர கையால இன்னொருக்காலும் வாங்கச் சொல்லுறீரோ?" என்றார் என் கணவர். "இண்டைக்கு ஓம் எண்டுவான், நாளைக்கு ஆரும் வெள்ளையன் வந்து கூடத் தந்தா அவனுக்குக் குடுப்பான். வேண்டாம். வாரும்."

நீல்ஸ் கை நீட்டினார். என் கணவர் கொடுக்கவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டு ஒரு தாளில் ஏதோ எழுதி என் கணவரின் சட்டைப் பைக்குள் வைத்தார் அந்த மனிதர்.

நிலையத்துக்கு வந்தபோது மணி 2.50. ரயில் 3.42க்கு. வாங்கில் உட்கார்ந்து என் கணவர் அந்தத் தாளை எடுத்தார். ஒரு வட்டம் கீறி, அதற்குப் பக்கத்தில் ஒரு சொல், இரண்டு கிழமை, 600, தொலைபேசி இலக்கம்.

"இந்தச் சொல் எனக்குத் தெரியும்" என்றார். "நான் வேலை பழகிற பட்டறையில பெட்டியில ஒட்டிக் கிடக்கு. சில்லு. இதை வாயால எப்பிடிச் சொல்லுறது?"

நான் கைப்பையில் பயணச் சீட்டைத் தேடினேன்.

"உம்மைத்தான் கேக்கிறன்."

"யூல்" என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "அண்டைக்குப் போனில யூல் யூல் எண்டு நீர் சிரிச்சது…" என்று தொடங்கி நிறுத்தினார். தாளை நாலாக மடித்தார். "அந்த மனிசனைக் கள்ளனாக்கிப் போட்டீர். நானும் கை குடுக்காமல் வந்திட்டன்."

பிறகு எழும்பினார். "வாரும், போய்ச் சொல்லுவம். எனக்கு அவ்வளவு டெனிஷ் வராது. நீர்தான் சொல்ல வேணும்."

"ரயில் வந்திடும்" என்றேன்.

"கிடக்கு இன்னும் நேரம்."

"போய்வர நேரம் காணாது."

அவர் நிலைய மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

ஜனவரியில் இரவல் வில்லைத் திருப்பிக் கொடுத்தார். சங்கத்துக்கு அதன்பிறகு போகவில்லை. பெப்ரவரியில் நான் நீல்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரு பிழையும் இல்லாத கடிதம். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. வில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். விற்றுப்போயிற்று என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அடுத்த குளிர்காலம் என் கணவரால் மேற்சட்டையைத் தானாகப் போட முடியவில்லை. அவர் இறந்து இப்போது பதினொரு வருடம். அந்த நாளைப் பற்றி இருவரும் ஒருபோதும் கதைத்ததில்லை.

கேட்டவருக்கு என் ஆலோசனை. தோள் நோவுள்ளவருக்கு உருண்டைச் சில்லு வாங்குங்கள், வேகத்துக்கு ஆசைப்படாதீர்கள். எய்கிறவரையே கூட்டிக்கொண்டு போய்ப் பத்துத் தரமாவது இழுக்கச் சொல்லுங்கள். முதல் மூன்று இழுவையை நம்ப வேண்டாம். இரண்டு சில்லிலும் சோக்கால் கோடு போட்டு, இழுக்கும்போது கோடுகள் ஒன்றாகத் திரும்புகின்றனவா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். தொலைபேசியில் பேசியதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மதிய உணவைக் கையில் கொண்டுபோங்கள். சனிக்கிழமை பின்னேரம் சின்ன ஊர்களில் ஒன்றும் திறந்திருக்காது.

திரும்பும் ரயிலுக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் மிச்சம் வைத்துத் திட்டம் போடுங்கள். எங்களிடம் 52 நிமிடம் இருந்தது. அங்கே நடக்கப் பதினைந்து, திரும்ப நடக்கப் பதினைந்து. நின்று இரண்டு வசனம் சொல்ல மிச்சம் இருபத்திரண்டு நிமிடம். காணும்.